காப்புக்கு முன் புறப்பாடு

வருவாய்த் துறையில் இருந்த காலத்தில் நான் அதிகம் எழுதியது சுற்றுப்பயண நிகழ்ச்சி நிரல்கள்தான். பெரிய அதிகாரி வருகிறார் என்றால் அவர் எத்தனை மணிக்கு எந்தத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும், எந்த இடத்தில் மனு வாங்க வேண்டும், எந்த வீட்டில் மீன் குழம்பு தேறும் என்பதையெல்லாம் தாளில் போட்டுக் கொடுப்பேன். வெள்ளச் சேதத்தைப் பார்வையிட வந்தவர்கள்கூட என் நிரலின்படி சரியான நேரத்துக்கு வருத்தப்பட்டு, சரியான நேரத்துக்குச் சாப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு அப்படியொன்றை என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஒரே ஒரு முறை எங்கள் ஊர் கேட்டது. சாகக் கிடக்கும் ஒரு மனிதனை ஊரைவிட்டு வெளியே கொண்டுபோக வேண்டும். அது உல்லாசப் பயணம் என்று அவன் நம்ப வேண்டும்.

மாசித் திருவிழாவுக்குச் சில நாட்களே இருந்தன. நான் பழவேற்காட்டுக் கடைத்தெருவுக்குப் பின்னால் குடியிருக்கிறேன். பிறந்த ஊர் ஏரியை ஒட்டிய குப்பம். வேலை கிடைத்ததும் அங்கிருந்து வந்துவிட்டவன், தலைக்கட்டு வரி கட்டுவதையும் அப்போதே விட்டவன். ஆகவே ஊர்த் தலைவர் ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கட் பாக்கெட்டுமாக என் வாசலில் வந்து நின்றபோது ஏதோ மனு எழுத வேண்டும் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

"மச்சான் எப்டி கீறாரு சார்?" என்றார்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். என் வயதுதான். எட்டாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. பிறகு அவன் ஏரிக்குப் போனான், நான் பொன்னேரிக்குப் போனேன். தலைவர் வீட்டிலிருந்து நாலாவது வீடு அவனுடையது. அவன் எப்படி இருக்கிறான் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். சென்னைப் பெரியாஸ்பத்திரியில், இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஈரல் போய்விட்டது. குடியால் அல்ல, ஏதோ கிருமி என்று டாக்டர் சொன்னார். ஊர் அதை நம்பவில்லை. குடிக்காத ஒருவனுக்கு ஈரல் கெடும் என்றால் குடிக்கிறவர்கள் எதை நம்பி நிறுத்துவது?

தலைவர் உட்காரவில்லை. நின்றபடியே விஷயத்துக்கு வந்தார்.

"வெள்ளிக்கெழம காப்பு கட்றோம் சார். உங்களுக்குத் தெரியாததா? கட்டிட்டா பத்து நாளு ஊருக்குள்ள சாவு விழக் கூடாது."

தெரியும். விழுந்தால் காப்பை அறுத்துவிட வேண்டும். அந்த வருஷம் திருவிழா இல்லை. முன்பு ஒரு முறை நாலாம் நாள் ஒரு கிழவி இறந்தாள். காப்பை அறுத்தார்கள். அந்த வருஷம் முகத்துவாரத்தை மணல் மூடி, கடல் தண்ணீர் உள்ளே வராமல், ஏரியில் இறாலே இல்லாமல் போயிற்று. கிழவிக்கும் மணலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். முகத்துவாரத்தை ஏன் தூர்வாரவில்லை என்று எத்தனையோ கடிதங்கள் எழுதியவன் நான். அவற்றுக்கு வந்த பதில்களோடு ஒப்பிட்டால் கிழவிதான் காரணம் என்பது தெளிவாகத்தான் இருந்தது.

"அவரு சாவணும்னு சொல்லல சார். பத்து நாளு வெளில வெச்சிருந்துட்டுக் கூட்டிகினு வந்துட்டீங்கன்னா ஊரே தலமேல தூக்கி வெச்சிக்கும்."

"பத்து நாள் தாங்குவானா?"

"அதான் சார் நாங்களும் கேட்டுகினு கீறோம்."

உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். கையில் கரண்டி இருந்தது. "எங்க அண்ணன் செத்தா தீட்டு. அவரு குடுத்த கோயில் வரி தீட்டில்லியா? அத மொதல்ல திருப்பிக் குடுத்துட்டு அப்பறம் வந்து பேசு."

"தங்கச்சி, அப்டில்லாம் பேசாதம்மா."

"நான் உனக்குத் தங்கச்சின்னா அவரு உனக்கு யாரு?"

தலைவர் வாழைப்பழத்தைத் திண்டில் வைத்துவிட்டுப் போனார்.

ஒருவனை ஊரைவிட்டு வெளியேறச் சொல்ல எந்தப் பஞ்சாயத்துக்கும் அதிகாரம் கிடையாது. எந்தப் பிரிவில் புகார் கொடுக்கலாம், யாரிடம் கொடுக்கலாம், நகல் யார் யாருக்கு அனுப்பலாம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். புகார் கொடுத்தால் விசாரணைக்கு யார் வருவார், எங்கே உட்காருவார், எப்படி முடிப்பார் என்பதும் தெரியும். அதனால்தான் கொடுக்கவில்லை. அதோடு, அன்று சாயங்காலமே மச்சானின் மகன் வந்துவிட்டான். ஒரே மகன். தாய் இல்லை. வந்தவன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"மாமா, நைனாவுக்கு அங்க இருந்து எதனா ஆச்சுன்னா எங்க பேர எடுத்துடுவாங்க. பாட்டுல சீட்டு போட மாட்டாங்க."

ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டலாம் என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வதைத்தான் எங்கள் பக்கம் பாடு என்கிறோம். பாட்டில் பேர் இல்லாதவன் ஏரிக்கரையில் நின்று ஏரியை வேடிக்கை பார்க்கலாம். அவ்வளவுதான்.

"நீயும் அப்பாகூட வந்துடேன்" என்றேன்.

"நான் காப்பு கட்டிக்கணும் மாமா. பந்தயத்துல முன்கழி நான்தான். கட்டிட்டா ராத்தங்க வெளில போகக் கூடாது."

ஆக, அப்பனை அனுப்ப வேண்டும், மகன் போக முடியாது. அதைச் செய்ய ஊர் வரி கட்டாத ஒரு மாஜி துணை வட்டாட்சியர் மிச்சமிருந்தான்.

நான் உட்கார்ந்து நிரல் போட்டேன். பழக்கம் விடவில்லை. பயணிக்கு எதில் விருப்பம் என்று பார்த்துத்தான் நிரல் போட வேண்டும். மச்சானுக்கு வாழ்க்கையில் மூன்று விஷயங்கள்: பந்தயம், கார், கள். பந்தயம் எங்கள் திருவிழாவின் ஒன்பதாம் நாள் நடக்கும் படகுப் பந்தயம். எஞ்சின் கிடையாது, துடுப்பு கிடையாது. ஏரி ஆழமில்லை என்பதால் நீளமான கழியை ஊன்றித் தள்ளித்தான் போக வேண்டும். இளவயதில், படகின் முனையில் நின்று ஊன்றும் முன்கழியில் அவனை யாரும் முந்தியதில்லை. அடுத்தது கார். ஐம்பது வயதுக்கு மேல் துறைமுகத்தில் அவனுக்கு ஒப்பந்த வேலை கிடைத்தது. வெளிநாட்டுக்குப் போகும் புதுக் கார்களை வெட்டவெளியில் வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். அவற்றை ஒவ்வொன்றாக ஓட்டிக் கப்பலின் வயிற்றுக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி நடந்து வர வேண்டும். அவன் ஓட்டாத கார் கிடையாது. எதையும் ஒரு கல் தூரம்கூட ஓட்டியது கிடையாது. கடைசியாகக் கள். அவன் குடிகாரன் இல்லை. சின்ன வயதில் ஆந்திரப் பக்கம் ஒரு கல்யாணத்தில் ஒரு முறை பனங்கள் குடித்தான். இந்தப் பக்கம் இறக்கினால் வழக்கு, அந்தப் பக்கம் இறக்க உரிமம். ஏரி ஒன்றுதான், மாநிலம் இரண்டு. அந்த ருசியைப் பற்றி வாழ்நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தான்.

ஆகவே: வியாழன், புதுக் காரில் புறப்பாடு, எல்லைக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில், என் மனைவியின் தாய்வழி உறவில் பூட்டிக் கிடந்த வீட்டில் தங்கல். சனி, ஞாயிறு, படகுப் பந்தயத்துக்குப் பதிலாக அந்த ஊரில் கபடிப் போட்டி. திங்கள், பனந்தோப்பு. அதற்குப் பிறகு ஓய்வு. எந்த அதிகாரிக்கும் இதைவிட நல்ல நிரலை நான் எழுதியதில்லை.

போய் அவனிடம் வாசித்தேன். மின்விசிறிக்குக் கீழே பாயில் கிடந்தான். கண் மஞ்சளாக இருந்தது. வயிறு மட்டும் பெருத்து மற்றதெல்லாம் வற்றியிருந்தது. முழுக்கக் கேட்டான்.

"காப்பு என்னிக்கு மாப்ள?"

"வெள்ளி."

"நம்ம கெளம்பறது?"

"வியாழன்."

சிரித்தான். சிரிப்பு வயிற்றில் இடித்து நின்றது. "நல்லாதான் போட்டுக்கீற ப்ரோகிராமு. போற நாளு கீது, வர்ற நாள காணோமே."

தாளைப் பார்த்தேன். எத்தனையோ வருஷம், எத்தனையோ நிரல்களில், கடைசி வரியாகத் 'தலைமையிடம் திரும்புதல்' என்று எழுதியவன் நான். அந்த வரி இல்லை.

"உன் தங்கச்சியும் வர்றா" என்றேன்.

"வரட்டும். நானும் வர்றேன். எம் புள்ள பேரு பாட்டுல இருக்கணும். ஆனா பந்தயம் பாக்கணும் மாப்ள. அவன் முன்கழி புடிக்கறத நான் பாத்ததில்ல. நான் புடிச்ச கழிதான் அது."

பந்தயம் தொடங்குவதும் முடிவதும் எங்கள் படகுத் துறையில். துறை ஊருக்குள் இருக்கிறது. ஊருக்குள் அவன் வரக் கூடாது. அதனால் கரையிலிருந்து பார்க்க முடியாது, ஏரியிலிருந்து பார்க்கலாம். இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நேராகக் கோயிலடிக்குப் போனேன். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். தலைவரிடம் சட்டத்தை விளக்கினேன்: ஏரி அரசுப் புறம்போக்கு, எந்தக் கிராமத்தின் எல்லைக்குள்ளும் வராது, ஆகவே ஏரியின் நடுவில் ஒரு படகில் ஒருவர் இருந்தால் அவர் ஊருக்குள் இல்லை, அங்கே அவருக்கு என்ன நேர்ந்தாலும் காப்பைத் தொடாது.

தலைவர் யோசித்தார். "அப்ப நம்ம பாடு?"

"பாடு வேற விஷயம்."

"எப்டி சார் வேற? பக்கத்து ஊர்க்காரன் நம்ம பாட்டுல வலை கட்டுனப்ப நீங்கதான பெட்டிஷன் எழுதுனீங்க? இன்னா எழுதுனீங்க? 'எங்கள் கிராம எல்லைக்குட்பட்ட நீர்ப்பரப்பு'. எனக்கு மனப்பாடம் சார். பொன்னேரில கேஸு இன்னும் முடியல. இப்ப நீங்களே ஏரி நம்ம ஊருக்குள்ள இல்லன்னு சொன்னா அவன் கெட்டியா புடிச்சுக்க மாட்டான்?"

பந்தல்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சொற்றொடரை எழுதிய அன்று நான் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனது நினைவுக்கு வந்தது. ஒரு மனிதன் எங்கே சாகலாம் என்று கேட்கும் நாள் வரும் என்று அப்போது தோன்றவில்லை. தண்ணீரை ஊருக்குள் கொண்டுவந்தவன் நான். அதை வெளியே தள்ள என்னால் முடியவில்லை.

கடைசியில் தலைவரே ஒரு வழி சொன்னார். படகுகள் சுற்றித் திரும்புவதற்காகப் பாட்டின் வடக்குக் கோடியில் சிவப்புத் துணி கட்டி ஒரு கம்பு நடுவார்கள். கம்புக்கு அந்தப் பக்கம் முழங்கால் ஆழம்தான். உப்புச் சேறு. மடவை மீன்கூட அங்கே போகாது. எங்கள் ஊரும் அதைக் கேட்டதில்லை, பக்கத்து ஊரும் கேட்டதில்லை.

"கம்புக்கு அந்தப் பக்கம்னா எங்களுக்கு ஆட்சேபண இல்ல சார்." ஆட்சேபணை என்ற சொல்லை அவர் என்னிடம்தான் கற்றிருக்க வேண்டும்.

மச்சானிடம் போய்ச் சொன்னேன். "யாருக்கும் வேணாத தண்ணி" என்றான். "சரி. நமக்கு அது போதும்."

வியாழக்கிழமை காலையில் புறப்பட்டோம். அப்போதுதான் விற்பனைக்கு வந்திருந்த ஒரு காரைத் தெரிந்தவர் ஒருவரிடம் வாடகைக்கு வாங்கி நானே ஓட்டினேன். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விடுவது குற்றம். எடுப்பவனுக்கும் அது தெரிந்திருந்தது. மச்சானை நாற்காலியோடு தூக்கி வந்து முன்சீட்டில் உட்கார்த்தினோம். தெருவில் ஒருவரும் இல்லை. எல்லாரும் கோயில் வேலையாக இருந்தார்கள். அத்தனை பேர் கோயில் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. மகன் மட்டும் ஊர் எல்லைவரை காரோடு நடந்து வந்தான். எல்லைக்கல் வந்ததும் நின்றுவிட்டான். "சாப்டு நைனா" என்றான். வேறு எதைச் சொல்வது என்று யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

நெடுஞ்சாலை ஏறினோம். மச்சான் மூக்கை உறிஞ்சினான். "இந்த மாடலு நான் ஏத்திக்கீறேன். புது சீட்டு வாசன. கப்பலுக்குள்ள இதே வாசனதான் அடிச்சுகினு இருக்கும்." கொஞ்ச நேரம் கழித்து, "அஞ்சாவது கியரு போடு மாப்ள" என்றான். "நாங்க ரெண்டத் தாண்டுனதில்ல. அஞ்சாவது போட்டா எஞ்சினு எப்டி சத்தம் போடும்னு எனக்குத் தெரியாது."

போட்டேன். எஞ்சின் சத்தம் குறைந்தது.

"அவ்ளோதானா?" என்றான். ஆனாலும் எல்லை வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டே வந்தான்.

கபடி மைதானத்தில் காரை ஓரமாக நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன். புழுதி. மைக்கில் தெலுங்கு. அவனால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு, பாடிப் போகிறவனின் குரலை மட்டும் கேட்டான். "அவனுக்கு நல்ல மூச்சு" என்று ஒரு முறை சொன்னான். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குப் போகலாம் என்றான். மறுநாள் போட்டிக்கு நாங்கள் போகவில்லை.

திங்களன்று பனந்தோப்பு. என் மனைவி காரைவிட்டு இறங்கவில்லை. "ஈரல் போன ஆளுக்குக் கள்ளு ஊத்திக் குடுக்கறதுக்கு நீங்க எந்த ஆபீஸ்ல பர்மிஷன் வாங்கினீங்க?" என்று மட்டும் கேட்டாள். மரத்தடியில் ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள். மச்சான் உதட்டை நனைத்தான். நாக்கைச் சப்புக் கொட்டிப் பார்த்தான். மறுபடி நனைத்தான்.

"புளிக்குது மாப்ள. இத்தினி வருசமா இதுக்கா ஏங்கிகினு இருந்தேன்?"

"மரம் வேறயா இருக்கும்."

"மரத்துமேல பழி போடாத. நாக்கு போயிடுச்சு."

மிச்சத்தை நான் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

அதோடு நிரல் தீர்ந்துவிட்டது. மீதி நாட்களுக்கு ஓய்வு என்று எழுதியிருந்தேனே, அது ஓய்வாக இல்லை. கால் வீங்கி விரல்கள் தெரியாமல் போயின. கஞ்சி இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. என் மனைவி அண்ணனுக்குப் பக்கத்திலேயே இருந்தாள். துடைத்தாள், திட்டினாள், மறுபடி துடைத்தாள். மகன் தினமும் சாயங்காலம் ஃபோன் செய்வான். பின்னால் மேளச் சத்தம் கேட்கும். மகனுக்கு முன்பே தலைவர் செய்துவிடுவார். "எப்டி கீறாரு சார்?" மழைக்காலத்தில் ஏரியின் நீர்மட்டத்தை மேலிடத்துக்குத் தினம் சொல்வேன், அதே குரலில் இதையும் சொன்னேன். நேற்றைய அளவு. இன்றைய அளவு. அபாயக் குறியைத் தாண்டவில்லை.

ஒன்பதாம் நாள் வந்தது. அந்தப் பக்கத்துப் படகுக்காரர் ஒருவரைப் பேசி வைத்திருந்தேன். நோயாளியை ஏற்றமாட்டேன் என்றவர், மச்சான் யார் என்று சொன்னதும் ஏற்றிக்கொண்டார். முன்கழிக்காரனாக இவன் பெயர் ஏரியின் வடகரைவரை போயிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியைப் படகில் கயிற்றால் கட்டி, அதில் அவனைக் கட்டினோம். என் மனைவி குடை பிடித்துக்கொண்டாள். சேற்றில் உராய்ந்து உராய்ந்து, சிவப்புத் துணி தெரிகிற இடத்துக்குப் போய், கம்புக்கு இந்தப் பக்கம் நிறுத்தினோம். எங்களுக்கு இந்தப் பக்கம், ஊருக்கு அந்தப் பக்கம்.

தலைவர் ஒரு எஞ்சின் படகில் கம்புக்கு அருகே நின்றிருந்தார், யாராவது சுற்றாமல் திரும்புகிறார்களா என்று பார்க்க. எங்களுக்கும் அவருக்கும் நடுவில் பேசினால் கேட்கும் தூரம். நான் கையைத் தூக்கினேன். அவர் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் கழிகள்தான் தெரிந்தன. பிறகு ஆட்கள். மச்சான் நாற்காலியில் முன்னால் சாயப் பார்த்தான், கயிறு விடவில்லை. "நம்மளுது எது?" என்று கேட்டான். அவனுக்குத் தெரியவில்லை. "ரெண்டாவது, பச்ச" என்றாள் என் மனைவி. "ரெண்டாவதா?" என்றான். குரலில் கோபம் இருந்தது. பல நாட்களாகக் கேட்காத குரல்.

முதல் படகு கம்பைச் சுற்றியது. அதில் இருந்தவர்கள் எல்லாம் எங்களுக்குத் தெரிந்தவர்கள். ஒருவர்கூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. வேகத்தில் பார்க்கவில்லை என்று நினைத்தேன். பச்சைப் படகு வந்தது. முன்கழியில் மகன். கையில் மஞ்சள் காப்பு. அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது தெரியும் அளவுக்கு அருகில் வந்தான். பார்வையைத் தண்ணீரிலேயே வைத்திருந்தான். அவன் பின்னால் இருந்தவர்களும் அப்படியே. அப்போதுதான் புரிந்தது. இது வேகம் இல்லை. சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

மச்சான் கத்தினான். அந்த உடம்பிலிருந்து அவ்வளவு சத்தம் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"டேய்! கழிய ஒக்காத்தாத, சேறு! பின்னால சாய்டா!"

மகன் திரும்பவில்லை. ஆனால் கழி பின்னால் சாய்ந்தது. சேற்றில் மாட்டாமல் வழுக்கி எழுந்தது. படகு கம்பை ஒட்டிச் சுற்றி, முதல் படகின் வாலைப் பிடித்துக்கொண்டு தெற்கே போயிற்று. மற்றவையும் சுற்றின, போயின. கடைசியாகத் தலைவரின் எஞ்சின் படகு போயிற்று. அவரும் பார்க்கவில்லை.

நாங்கள் கரைக்குத் திரும்புவதற்குள் வெடிச் சத்தம் கேட்டது. மகன் ஃபோன் செய்தான். ஃபோனை மச்சான் காதில் வைத்தேன். சத்தமாக இருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஜெயிச்சுட்டோம் நைனா!"

"இன்னாத்துக்குடா திரும்பிப் பாக்கல?"

மேளச் சத்தம் தூரமாயிற்று. ஆட்களைவிட்டுத் தள்ளி வந்திருப்பான்.

"பாக்கக் கூடாதுன்னாங்க நைனா. கம்புக்கு அந்தப் பக்கம் இன்னா இருந்தாலும் பாக்கக் கூடாதுன்னாங்க. பாத்தா தீட்டு வந்துரும், அறுக்கணும்னாங்க."

"நான் செத்துட்டேன்னு நெனச்சியா?"

"தெரில நைனா."

"அப்ப கத்துனது யாரு?"

 மச்சான் தலையை ஃபோனிலிருந்து நகர்த்திக்கொண்டான்.

பத்தாம் நாள் காப்பு அவிழ்த்தார்கள். பதினோராம் நாள் காலையில் தலைவரே காரில் வந்தார். கூடவே மகன். தலைவர் கையில் சரிகைத் துண்டு, தேங்காய், கோயில் குங்குமம். ஊரின் மானத்தைக் காப்பாற்றியவருக்கு மரியாதை என்றார். துண்டை மச்சான்மேல் போர்த்தினார். அது அவன்மேல் நிற்காமல் வழுக்கி விழுந்தது.

"வாங்க, போலாம். ஊரே காத்துகினு கீது."

"ப்ரோகிராம்ல இல்ல தலைவரே" என்றான் மச்சான்.

"இன்னாது?"

"திரும்பற நாளு. மாப்ள போடல. கேட்டுப் பாரு."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் கீழே விழுந்த துண்டை எடுத்து மடித்தேன். மகன் அழுதுகொண்டு காலைப் பிடித்தான். என் மனைவியும் கெஞ்சினாள்: "வூட்ல போயி சாவுண்ணா. உனக்கு வூடு கீதுண்ணா." அவன் அசையவில்லை. "பத்து நாளு செத்தவன் மாதிரிதான இருந்தேன். ஒருத்தரும் ஒண்ணும் கொறஞ்சி போகல. மிச்சத்தயும் இங்கயே இருந்துக்கறேன். பொதைக்கறதயும் இங்கயே பொதச்சிடு மாப்ள." தலைவர் நெடுநேரம் நின்றுவிட்டுப் போனார். மகன் இருந்துகொண்டான்.

அதிலிருந்து மூன்றாம் நாள் விடிந்தபோது மச்சான் இல்லை.

இறப்பைப் பதிய அந்த ஊர் அலுவலகத்துக்குப் போனேன்; தகவல் தருபவராகக் கையெழுத்துப் போட என் மனைவியும் வந்தாள். படிவத்தில் 'இறந்த இடம்' என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே 'நிரந்தர முகவரி' என்று ஒரு கட்டம். நடுவில் ஒரு கோடுதான். இரண்டையும் நிரப்பிவிட்டு வெளியே வந்தபோது தலைவர் அழைத்தார். செய்தி போயிருந்தது. இரங்கலாக ஏதோ சொன்னார். பிறகு தயங்கினார்.

"சார், ஊருல சாவுன்னா அடக்கம் ஆகற வரைக்கும் ஏரியில எறங்கக் கூடாதுன்றது ஊர்க்கட்டு. ஆனா இன்னிக்கு நம்ம பாடு. நல்ல எடம், நல்ல காத்து. இது வெளியூரு சாவு வேற. நீங்க இன்னா சொல்றீங்க? உங்களுக்குத்தான் எல்லா ரூலும் தெரியும்."

எனக்குத் தெரிந்த மிகக் கொடிய குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்: "உங்க ஊர்ல யாரும் சாகல தலைவரே. நடந்தது கம்புக்கு அந்தப் பக்கம். தாராளமா வலை கட்டலாம்."

அவர் வெட்கப்பட்டு ஃபோனை வைப்பார் என்று எதிர்பார்த்தேன். "ரொம்ப நன்றி சார்" என்றார்.

முப்பது வருஷத்துக்கு மேல் உத்தரவு எழுதியவன் நான். நான் சொன்னால் அது உத்தரவாகத்தான் போகும் என்பது அந்த நேரத்தில் மறந்துபோயிற்று.

மதியத்துக்குள் அடக்கம் முடிந்தது. ஊரிலிருந்து யாரும் வரவில்லை. குழிமேட்டிலிருந்து பார்த்தால் ஏரி தெரியும். மகன் கைமண்ணைத் தட்டிக்கொண்டு தெற்கே பார்த்தான். பாடு இருக்கிற இடத்தில் புள்ளி புள்ளியாகப் படகுகள். "வலை கட்டிட்டாங்க" என்றான். அவன் குரலில் குறையில்லை, பார்த்ததைச் சொன்னான். என் மனைவி படகுகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவள் பக்கத்தில் நின்றுதான் நான் ஃபோனில் பேசியிருந்தேன்.

சாயங்காலம் மகனைக் குப்பத்தில் விடப் போனோம். அவன் வீட்டு வாசலில் ஒரு தெர்மாகோல் பெட்டி இருந்தது. பாட்டில் பேர் இருக்கிற வீட்டுக்கு, ஆள் வராவிட்டாலும் பங்கு வந்துவிடும். ஊர் அதில் தவறியதில்லை. மூடியைத் திறந்தான். ஐஸுக்கு நடுவில் நல்ல இறால், விரல் நீளம்.

துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது இன்னொரு கட்டு. அவன் மூடியை மூடிவிட்டுப் பெட்டியின் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தான். நாங்கள் கிளம்பும்போது அடியிலிருந்து தண்ணீர் கசிய ஆரம்பித்திருந்தது.